நான் கை தூக்காமல் விட்ட வரி

குளத்துக்கரையில் நின்ற பெரிய புளியமரம் காற்றில் சாய்ந்ததே, வாங்க ஆளில்லாமல் முருங்கைக்காயைக் கட்டுக்கட்டாக மாட்டுக்குப் போட்டோமே, என் மூத்த மகளைத் தொப்பம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்தேனே, அந்த வருஷம்தான் நீ அந்த ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தலைமை நிர்வாகி ஆனாய். எனக்கு வருஷத்தை எண்ணாகச் சொல்ல வராது. மரம், காய், கல்யாணம் என்று நான் சொன்னால் எண்ணை நீயே கண்டுபிடித்துக்கொள்வாய்.

இன்று இதையெல்லாம் கிளப்பிவிட்டது ஒரு வாசனை. கட்டிலில் என் தலைமாட்டில் சுருள்கம்பி போட்ட தாள்கட்டு ஒன்று கிடக்கிறது. புரட்டினால் ஜெராக்ஸ் கடை வாசனை. நீ வந்து பையைத் திறந்தால் வருமே, அதே வாசனை. உன் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் அம்மா அதை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நாளைக் காலையில் திரும்பி வருவாள். அவளுக்கு ஒரு பதில் சொல்லவேண்டும். அதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

உள்ளதை முதலிலேயே சொல்கிறேன். உன்மேல் எனக்குப் பொறாமை. செத்தவர்மேல் என்ன மாமா பொறாமை என்று மருமகள் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்க்கிறாள். எழுது தாயி என்கிறேன். நம் இருவரையும் ஒரே நாளில்தான் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். நான்காம் நாள் எங்கய்யா வந்து, ஆடு மேய்க்க ஆளில்லை என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நீ ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாய். அந்தக் கம்பிக்கு உள்ளே நின்றவன் சென்னையில் கண்ணாடிக் கட்டிடத்தில் போய் உட்கார்ந்தான். வெளியே போனவன் நான்.

அரசாங்கம் ஒரு திட்டம் போடும் முன்னால், அது சனங்களுக்கு ஆகுமா ஆகாதா என்று ஆராய்ந்து எழுதிக்கொடுப்பதுதான் உங்கள் இடத்து வேலை என்றாய். பெரிய படிப்புப் படித்தவர்கள் எத்தனையோ பேர் உனக்குக் கீழே. ஆனாலும் நீ ஒரு வழக்கம் வைத்திருந்தாய். எந்த அறிக்கையையும் நேரே அச்சுக்கு அனுப்பமாட்டாய். திண்டுக்கல்லில் ரயிலைவிட்டு இறங்கி, என் வேப்பமரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு வருவாய். முதல் வரி தொடங்கிக் கடைசி வரி வரைக்கும் வாசிப்பாய். தப்பு என்று பட்டால் நான் கை தூக்கவேண்டும்.

“ஏலே மாப்ளே, அங்க அம்புட்டுப் பேரு படிச்சிட்டு உக்காந்திருக்கானுக. அவனுக கண்ணுக்குத் தெரியாதா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“படிச்சவன் தப்பத் தாண்டிப் போயிருவான் மாப்ளே. நீ நிப்ப.”

நின்றேன். ஒரு வருஷம் நல்ல மழை என்று நீ வாசித்தபோது கை தூக்கினேன். “அது எங்காத்தா செத்த வருஷம். பாடை போன பாதையெல்லாம் புழுதி. மழையாவது ஒண்ணாவது.” உன்னோடு வந்திருந்த கண்ணாடிக்காரப் பையன், “சார், நம்ம பைல்ல வேற மாதிரி இருக்கு” என்று முனகினான். “பைலு பாடை தூக்கலப்பா” என்றாய். அந்த நேரம் உன் நிறுவனமே என் கைக்குக் கீழே இருந்தது. அதை நான் ஊரில் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. மனதுக்குள் வைத்துத் தின்றேன்.

பிறகு அந்த நாள் வந்தது. இரண்டு கார்களில் அதிகாரிகளோடு வந்தாய். பஞ்சாயத்துத் தலைவர் சால்வை போட்டார். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் என்னைக் காட்டி, “இவரு யாரு சார்?” என்றார். நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “ஊர்ல தெரிஞ்ச ஆளு” என்றாய்.

தெரிஞ்ச ஆளு.

அதன்பின் உட்கார்ந்து வாசித்தாய். நம் குளத்தைப் பற்றிய அறிக்கை. ஒரு வரி வந்தது. விவசாயிகள் கிணறு வெட்டத் தொடங்கியதும் குளத்து மடையைக் கவனிக்க ஆளில்லாமல் போய், அது தூர்ந்தது என்று. தலைகீழ். மடை தூர்ந்தது என் செவலைக்காளை விழுந்த வருஷம். முதல் கிணறு வெட்டியது அதற்கு அடுத்த ஆடியில். தண்ணீர் வராமல்தான் வெட்டினோம். அந்த வரி அப்படியே போனால், தப்பு உழுகிற சம்சாரிமேல் என்று அரசாங்கம் கிணற்றைத் தடுக்கும், மடையை யாரும் செப்பனிடமாட்டான். எல்லாம் எனக்குத் தெரியும். கை முழங்காலை விட்டு எழும்பவில்லை. தெரிஞ்ச ஆளுக்கு என்ன தெரியும் என்று இருந்துவிட்டேன். நீ கொஞ்ச நேரம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். பிறகு அடுத்த வரிக்குப் போனாய்.

மறுபடி வந்தபோது தனியாக வந்தாய், டவுன் பஸ்ஸில். அச்சான புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தை மட்டும் வாசித்தாய். முதலில் மடை தூர்ந்தது, அதன் பிறகே கிணறு வெட்டினார்கள் என்று இருந்தது.

“யாருடா சொன்னது?”

“தாடிக்கொம்புல ஒரு அம்மா. நம்மூர்ப் பொண்ணுதான், அங்க வாக்கப்பட்டுப் போனாக. குளத்துல மடை தெறந்து வயலுக்குத் தண்ணி பாச்சுவாருல்ல நீர்பாய்ச்சி, அவரு மக. பூக்கட்டிக்கிட்டே கேட்டாக. அந்த வரி வந்ததும் நாரைக் கீழ போட்டுட்டுக் கை தூக்கிட்டாக. மடை தூந்து எங்கய்யா வேலை போனப்ப எந்தத் தோட்டத்துலயும் ஒரு கெணறு கெடையாதுன்னாக.”

“அப்ப நான் மட்டும் இல்லையா?”

“நாலு பேரு மாப்ளே. ஆளுக்கொரு திக்குல இருக்காக.” புத்தகத்தை மூடினாய். “ஒனக்கு அன்னைக்குக் காதுல விழுகல போல.”

அதற்குமேல் ஒரு வார்த்தை நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், ஆறியிருக்கும்.

உன் நாற்காலிமேல் எனக்கு இருந்த பொறாமை பழகிய பொறாமை. அதோடு சோறு இறங்கும், தூக்கம் வரும். இது அப்படி இல்லை. உனக்கு ஒரே காது நான்தான் என்று இருந்தவன் நான். என்னைப் போலவே ஒரு எழுத்துத் தெரியாதவள், பூக்கட்டிக்கொண்டே, நான் விட்டதைப் பிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு பஸ் தாடிக்கொம்பைத் தாண்டும்போதெல்லாம் நான் மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பஸ்ஸிலிருந்தே அங்கே கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுவதும் அதோடு போயிற்று.

போன ஐப்பசியில் நீ போனாய். டிவியில் காட்டினார்கள், வரிசையாகக் கார்கள். எனக்கு அழுகை வந்தது. அதற்கு முன்னால் வந்தது வேறொன்று. தாடிக்கொம்புக்காரிக்குச் சொல்லியிருப்பார்களோ, எனக்கு முந்தியே சொல்லியிருப்பார்களோ என்று.

போன வாரம் புது அம்மா வந்தாள், அந்தக் கண்ணாடிக்காரப் பையனிடம் வழி கேட்டுக்கொண்டு. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் கேட்காமல் எதுவும் வெளியே போகக்கூடாது என்று நீ எழுதி வைத்துவிட்டுப் போனாயாம். இந்தப் பக்கத்தில் எந்தெந்தக் குளத்தை இனிக் குளமாகக் கணக்கில் வைப்பது, எதைக் கைவிடுவது என்று அறிக்கை. நம் குளமும் அதில் இருக்கிறது. வாசித்தாள். நான் தலையாட்டிக்கொண்டு இருந்தேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மருமகள்தான் நிமிர்ந்தாள்.

“மாமா, நம்ம கொளத்துக்கு வரத்து வாய்க்கா ஒண்ணுன்னு வாசிச்சாக. ரெண்டுன்னுல்ல சொல்லுவீக? சும்மா இருக்கீக?”

அந்த அம்மா குரலை உயர்த்தினாள். “ஐயா, நான் வாசிச்சது கேட்டுச்சா?”

“கேட்டுச்சு தாயி. யோசிச்சிக்கிட்டு இருந்தேன்.”

கேட்கவில்லை. கொஞ்ச நாளாகவே பேச்சு எனக்குத் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் வருகிறது. அன்றைக்கு எனக்காக நீ சொன்ன பொய் இப்போது மெய்யாகிவிட்டது.

அவள் ஏமாறவில்லை. “சார் நோட்டுல கேட்டவர்கள் நாலு பேர்னு இருக்குங்க ஐயா. பேரும் இல்ல, ஊரும் இல்ல. வேற யாராவது இருக்காங்களா?” பேரை எழுதினால் நாளைக்கு எவனாவது வந்து அவர்களை மிரட்டுவான் என்பாய் நீ. மற்ற இரண்டு பேர், எரியோட்டுக்காரரும் ஒட்டன்சத்திரத்துக்காரரும், செத்துப்போனதை நீ இருக்கும்போதே சொன்னாய்.

“எல்லாரும் போயிட்டாக தாயி. நான் மட்டுந்தான்” என்றேன்.

உயிரோடிருப்பவளை வாயாலேயே கொன்றேன். தாளை வைத்துவிட்டு, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க ஐயா என்று அவள் போனாள். ஒரு வாரமாகத் தலைமாட்டில் கிடக்கிறது. வாசனை மட்டும் வருகிறது, எழுத்து என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாது, மருமகளை வாசிக்கச் சொன்னாலும் பாதி காதில் விழுவதில்லை. இரண்டு வாய்க்காலை மருமகள் பிடித்துவிட்டாள். இன்னும் எத்தனை வரி தலைகீழாகக் கிடக்கிறதோ.

நீ விட்டுப்போனதில் என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த வலதுகைதான். அன்று எழும்பாத கை. நாளை அந்த அம்மா வந்து உட்காரும் முன்பே அதைத் தூக்கிவிடப் போகிறேன். நான் சொன்னது தப்பு தாயி, இன்னொரு ஆள் இருக்கு என்று சொல்லப் போகிறேன். பொறாமை தீர்ந்துவிட்டதா என்று நினைக்காதே. தாடிக்கொம்புக்காரிக்குக் காது இன்றும் நன்றாகக் கேட்கிறதாம். பூ மார்க்கெட்டுக்குப் போய்வந்தவன் சொன்னான். அதைக் கேட்டும் வயிறு எரிந்தது. எரியட்டும்.

தாடிக்கொம்பு. கோயிலுக்குப் பின்தெரு. நம் குளத்து நீர்பாய்ச்சியின் மகள். மருமகளே, பேரைத் தப்பில்லாமல் எழுது தாயி. பேச்சியம்மாள்.