பத்துத் தடவை செருகிப் பார்த்தது

நவம்பர் 5, செவ்வாய்

டப்பி, உன் கம்ப்யூட்டரை இன்றைக்குத் திறந்தேன். உன் சிநேகிதி வினிதா போனில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், நீ சொல்லி வைத்ததுதான். என் செக்கர் நம்பர். பதினாலு வருஷமாகக் கார்மென்ட்ஸ் கம்பெனியில், சரிபார்த்து முடித்த சட்டையின் பாக்கெட்டுக்குள் ஒட்டுகிற அதே நம்பர். அடித்ததும் திறந்துகொண்டது.

எந்த டப்பாவைக் கண்டாலும் மூடியைக் கழற்றுவாய் என்று வைத்த பேர் டப்பி. மெஹக் என்று கூப்பிட்டால் திரும்பக்கூட மாட்டாய்.

இந்த நோட்டும் உன்னுடையது. முன்பக்கமெல்லாம் உன் இங்கிலீஷ். நான் பின்னாலிருந்து எழுதுகிறேன். அஞ்சாவது வரை படித்தவள் எழுத்து, சிரிக்காதே.

நவம்பர் 7, வியாழன்

உனக்கு வந்திருந்த மெயிலை வினிதா படித்துச் சொன்னாள். நீ கடைசியாகச் செய்த வேலை பாதியில் நிற்கிறதாம்.

நம் வீட்டில் அடுப்பு முன்னால் உட்கார்ந்துகொண்டு நீ சொன்னாயே, அந்த வைஃபை குச்சி. பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்கிவந்த, கட்டைவிரல் அளவுக் கறுப்புக் குச்சி. விண்டோஸ் போட்ட கம்ப்யூட்டரில் வேலை செய்கிறது, நீ போட்டிருக்கிற லினக்ஸில் செய்யவில்லை. "உள்ள இருக்கிற சிப்பு லினக்ஸுக்குத் தெரிஞ்சதுதாம்மா. குச்சியோட நம்பர்தான் லிஸ்ட்ல இல்ல. ரேஷன் கார்டுல பேரு ஏறாத புள்ள மாதிரி. எதிர்ல நின்னாலும் அரிசி கிடைக்காது" என்றாய். அந்த நம்பரை ஏற்றி ஒரே ஒரு வரி எழுதினாய். அதை எங்கேயோ வெளிநாட்டில் லிஸ்டைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அனுப்பினாய். அவர் ஒத்துக்கொண்டால் உலகத்தில் யார் இந்தக் குச்சியைச் செருகினாலும் வேலை செய்யும்.

குச்சியை ஓட்டுகிற அந்தப் புரோகிராமுக்குப் பேர் டிரைவர். உன் அப்பா லாரி ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவைத்தார். "நான் டிரைவரு. எம் பொண்ணு டிரைவரையே செய்யறவ."

மெயிலில் அவர் கேட்டிருக்கிறார், நிஜக் குச்சியில் செருகிப் பார்த்தாயா? பிடுங்கித் திரும்பச் செருகினாலும் வருகிறதா? நவம்பர் கடைசிக்குள் பதில் இல்லையென்றால் உன் வரியை விட்டுவிடுவாராம்.

நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது வந்த மெயில்.

நவம்பர் 10, ஞாயிறு

நீ போய் நாற்பதாம் நாள். ஃபாத்திஹா ஓதினோம். உன் அப்பா நாக்பூர் லோடை விட்டுவிட்டு வந்தார். எல்லாரும் சாப்பிட்டார்கள்.

நவம்பர் 12, செவ்வாய்

பட்டன் இல்லாத சட்டையை ஓகே என்று அனுப்பிவிட்டேன். பதினாலு வருஷத்தில் முதல் தடவை. லைன் இன்சார்ஜ் மூர்த்தி சார் சட்டையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். திட்டுவார் என்று நின்றேன். கன்னடத்தில் "நித்தே இல்வா அம்மா?" என்றார், தூக்கம் இல்லையா என்று. பிறகு அவரே ரிஜெக்ட் கூடையில் போட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

நவம்பர் 14, வியாழன்

கம்ப்யூட்டரைத் தன் ஊர் கிருஷ்ணகிரிக்கு எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்கிறாள் வினிதா. எனக்கு மனசு வரவில்லை. "அப்ப வேலை செய்யுதுன்னே எழுதிடட்டுமா ஆண்டி? மெஹக் பாக்காம அனுப்பியிருக்க மாட்டா."

கையில் எடுத்துப் பார்க்காத பீஸை ஓகே என்று எப்படிப் போடுவது? ஏற்கெனவே ஒரு சட்டை போய்விட்டது. நானே செருகிப் பார்க்கிறேன் என்றேன். அவள் போனிலேயே சொல்லிக்கொடுத்தாள். "செருகினதும் வட்டத் தட்டு மாதிரி ஒரு படம் வரும். வந்தா எஜெக்ட் பண்ணுங்க." எஜெக்ட் என்றால் என்னம்மா? "வெளிய எடுக்கிறது ஆண்டி. அவ்ளோதான். உடனே குச்சில லைட் எரியும்."

நவம்பர் 16, சனி

பத்துத் தடவை செருகினேன். பத்துத் தடவையும் தட்டுப் படம் வந்தது. பத்துத் தடவையும் வெளியே எடுத்தேன். லைட் எரியவே இல்லை.

கம்பெனிச் சீட்டு மாதிரியே கோடு போட்டு எழுதினேன். ரிஜெக்ட், ரிஜெக்ட், ரிஜெக்ட். பத்தும்.

உன் பீஸை நானே ரிஜெக்ட் பண்றேன் டப்பி. எந்த அம்மா பண்ணுவா?

நவம்பர் 17, ஞாயிறு

சீட்டைப் படித்துக் காட்டியதும் வினிதா பஸ் ஏறி வந்துவிட்டாள். "எங்க ஆண்டி, என் எதிர்ல பண்ணுங்க" என்றாள். செருகினேன். தட்டு வந்தது. குச்சியைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தேன்.

வினிதா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ ஆண்டி! எஜெக்ட்டுன்னா கையால பிடுங்கறதா?"

"நீதானேம்மா வெளிய எடுக்கச் சொன்ன?"

"தட்டை! திரையில இருக்கிற தட்டை!"

அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நீ போனதற்குப் பிறகு இந்த வீட்டில் முதல் சிரிப்பு. அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். டீ ஆறிப்போச்சு.

இந்த மாதிரிக் குச்சி முதலில் தன்னை சி.டி. என்று பொய் சொல்லுமாம். விண்டோஸுக்கு வேண்டிய சாமானை அந்தப் பொய்க்குள் வைத்து விற்கிறார்களாம். திரையிலேயே 'போ' என்று அமுக்கினால்தான் நான் வைஃபை என்று ஒத்துக்கொள்ளும். நீயும் ஒருநாள் சொன்ன ஞாபகம். "இது பொய் சொல்ற குச்சிம்மா." நான் குழம்பைக் கிளறிக்கொண்டு ம் கொட்டியிருக்கிறேன். காதில் வாங்கியிருந்தால் —

நவம்பர் 18, திங்கள்

தட்டின் மேல் அம்பை வைத்து, வலது பக்கம் அமுக்கி, எஜெக்ட். நாலு எண்ணுவதற்குள் நீல லைட். பக்கத்து வீட்டு வைஃபை பேரெல்லாம் வரிசையாக வந்து நின்றது. உன் வரி வேலை செய்கிறது டப்பி. நான் கண்ணால் பார்த்தேன்.

ஒன்று முதல் ஆறு வரை ஓகே. ஏழாவது தடவை தட்டும் வரவில்லை, லைட்டும் வரவில்லை. அசையவே இல்லை. இருநூறு வரை எண்ணினேன். எழுந்துவிடும், எழுந்துவிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிடுங்கித் திரும்பச் செருகினேன். எட்டு, ஒன்பது, பத்து ஓகே.

நவம்பர் 19, செவ்வாய்

"பத்துல ஒம்போது வந்துச்சே ஆண்டி, ஏழாவதை விட்டுடலாம். அதைச் சாக்கா வச்சு வேணாம்னுட்டா?" என்றாள் வினிதா. அவளுக்கும் பயம். எனக்கு இல்லையா?

கம்பெனியில் ஒம்போது நல்ல சட்டைக்குள் ஒரு கிழிந்ததைச் சொருகி அனுப்பினால் மொத்தப் பெட்டியும் திரும்பி வரும். அதுவும் உன் பேர் போட்ட பெட்டி. எழுதும்மா என்றேன். எழுதினாள்.

கடைசியில் நிறுத்திவிட்டாள். "மெஹக்கைப் பத்தி என்னா எழுதட்டும்?"

அவ இல்லைன்னு எழுது என்றேன். இருக்கிறதை எழுது.

நவம்பர் 24, ஞாயிறு

பதில் இல்லை.

நவம்பர் 27, புதன்

ரேஷன் கடைக்காரர் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பொண்ணு பேரை இன்னும் எடுக்கலையாம்மா?" என்றார். அடுத்த மாசம் என்றேன்.

நவம்பர் 30, சனி

மாதக் கடைசி. பதில் இல்லை. ஏழாவதை நான் சொல்லியிருக்கக் கூடாதோ? வாயை மூடிக்கொண்டிருந்தால் உன் வரி உள்ளே போயிருக்குமோ?

டிசம்பர் 3, செவ்வாய்

இடைவேளையில் வினிதா போன். மூச்சு வாங்கினாள். "மெஹக்கோட வரியை எடுத்துக்கிட்டாங்க ஆண்டி, எடுத்துக்கிட்டாங்க."

எழுதியவர் மெஹக் என்று போட்டிருக்கிறதாம். கீழே அனுப்பிய வினிதா பேர். அதற்குக் கீழே சோதித்தவர் என்று என் பேர், ஃபகருன்னிசா. பாக்கெட்டுக்குள் நம்பர் ஒட்டுகிறவள் பேரை முதல் தடவையாக முழுசாக எழுதியிருக்கிறார்கள், உன் பேருக்குக் கீழே. உன் அப்பாவுக்குப் போன் போட்டேன். லாரியை ஓரங்கட்டிவிட்டார்.

உனக்காக வருத்தப்பட்டு அந்த லிஸ்டைப் பார்த்துக்கொள்கிறவர் இரண்டு வரி எழுதியிருக்கிறார். ஏழாவதைச் சொன்னதற்கு நன்றியும் எழுதியிருக்கிறார். அவரிடமும் வேறு குச்சி ஒன்று எப்போதாவது அப்படித்தான் கிடக்குமாம். "காரணம் அவருக்கும் தெரியலையாம் ஆண்டி. தேடறாராம்."

வேலை முடிந்து வந்ததும் திரும்பப் பத்துத் தடவை செருகிப் பார்த்தேன். பத்தும் வந்தது. நீல லைட் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது, பிடுங்கவில்லை.

நீ செஞ்சதுதானே டப்பி, உனக்குத் தெரியாமலா இருக்கும். அன்னிக்கு அந்த ஒரு தடவை மட்டும் அது ஏன் எழுந்திரிக்கல?