எல்லாருக்கும் இதே விலையா?

அக்கா,

போன வாரம் ஆயர் குரோவில் புதுக் கார் விற்கும் கடை ஒன்றுக்குப் போயிருந்தேன். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. புது ரப்பர், புது இருக்கைத் துணி, மெழுகு எல்லாம் சேர்ந்த வாசனை. அறுபது வருஷத்தில் அது அதிகம் மாறிவிடவில்லை. அதன் பின்னாலேயே என் நினைவில் நீங்களும் வந்துவிட்டீர்கள், கையில் பிரசவம் பார்க்கப் போகிற அந்தக் கறுப்புப் பையோடு.

கார் எனக்காக இல்லை. என் வயதுக்கு இனிமேல் சக்கர நாற்காலி வாங்கினால்தான் உண்டு. செல்வத்துக்கு வாங்கப் போனோம். பிறந்தபோது தலை ஒரு பக்கம் சப்பையாக இருக்கிறதென்று என் மனைவி அழுதாளே, நீங்கள் எண்ணெய் தொட்டுத் தொட்டு ஒரு வாரம் உருட்டிச் சரிசெய்தீர்களே, அதே செல்வம்தான். இப்போது அந்தத் தலையில் ஒரு முடிகூட இல்லை. உங்கள் கைவேலை நன்றாகத் தெரிகிறது.

"நீங்கதான்ப்பா இந்தத் தொழில்ல இருந்தவரு. நீங்க பேசிக் கொறைங்க, நான் வாயே தொறக்க மாட்டேன்" என்று சொல்லித்தான் என்னைக் கூட்டிப்போனான். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்ப் பெண். நிறைமாதம் என்று பார்த்தாலே தெரிந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டுதான் அவளால் உட்கார முடிந்தது. விலையைச் சொன்னாள். இது நிர்ணய விலை, எல்லாருக்கும் ஒன்றுதான் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செல்வம் என் முழங்காலைத் தட்டினான். அதே வாக்கியத்தை அவன் அப்பன் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

நாட்டுக்கு விடுதலை வரப்போகிறது என்று மலாக்கா முழுக்கப் பேச்சாக இருந்த காலம் அது. டவுனில் வெள்ளைக்காரர் நடத்திய அந்தக் கார்க் கடையில் எனக்கு விற்பனைக் கிராணி என்ற குமாஸ்தா வேலை. டை கட்டிய தமிழர்கள் ஊரில் கொஞ்சம்தான், அதில் நான் ஒருவன் என்ற திமிர் எனக்கு நிறையவே உண்டு. ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் விலை எழுதிய அட்டை தொங்கும். அதில் ஒரு சென் குறையாது. பேரம் பேசுவது மீன் பசார் வேலை, எங்கள் கடையில் பணக்காரச் சீனத் தவுக்கேக்கும் வாத்தியாருக்கும் ஒரே விலை என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வேன். அதை முழுக்க நம்பியும் இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை நீங்கள் சைக்கிளைக் கடைக் கண்ணாடியிலேயே சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தீர்கள். நம் காஜா பெராங்கில் உங்களைத் தெரியாத வீடு கிடையாது. செட்டிகள் குடியிருக்கும் கம்பத்துப் பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள், பாய் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் நீங்கள்தான் மருத்துவச்சி. செல்வம் பிறந்து அப்போது நாலு மாதம். "பசியாறிட்டியா தம்பி?" என்று கேட்டுவிட்டு, வெளிர்பச்சைக் கார் ஒன்றின் கதவைத் திறந்து, செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தீர்கள். கோயிலுக்குள் போகிற மாதிரி. நான் யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டேன்.

ஏன் கார் என்று நான் கேட்கவில்லை, நீங்களே சொன்னீர்கள். முந்தின மாதம் புக்கிட் ரம்பாயில் ஒரு பிரசவம். நல்ல மழை, வழியில் சைக்கிள் சங்கிலி அறுந்து, தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்துவிட்டது, தாய்க்கு உதிரம் நிற்கவில்லை. எப்படியோ பிழைத்தாள். "தெய்வம் ஒருவாட்டி பாத்துக்கிச்சு. ஒவ்வொருவாட்டியும் அதுமேல பாரத்தப் போட்டுட்டு நான் சைக்கிள் மிதிக்க முடியுமா?" என்றீர்கள். அதைச் சொல்லும்போது மட்டும் உங்கள் முகத்தில் சிரிப்பு இல்லை.

தவணையில் வாங்கலாம் என்றேன். அதற்கு ஆண்பிள்ளை ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னேன். உங்கள் கணவர் தவறி அப்போதே பல வருஷம். "என் கையெழுத்துல இந்த ஊர்ல எத்தன பிள்ளைக்குப் பிறப்புப் பதிவாயிருக்கு. காடி வாங்க மட்டும் அது செல்லாதா?" என்று கேட்டீர்கள். விதி அப்படி என்று படிவத்தைக் காட்டினேன். ஆகவே ரொக்கம். உங்கள் கையிலிருந்த பணத்தில் இருநூற்றுச் சொச்சம் வெள்ளி போதவில்லை. விற்பதற்கு வளையல்தான் மிச்சம்.

அப்போதுதான் அந்தக் கேள்வியை என்னிடம் முதல் முறையாகக் கேட்டீர்கள். "எல்லாருக்கும் இதே விலையா?"

உங்கள் பேரத்தை நான் பசாரில் பார்த்திருக்கிறேன். குறைத்துக் கொடு என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. மீன்காரப் பாய் விலை சொன்னால், "நான் தூக்கிக் குடுத்த பிள்ளை தலையில கை வெச்சுச் சொல்லு, எல்லாருக்கும் இதே விலையா?" என்பீர்கள். அவ்வளவுதான். பாய் தலையைச் சொறிவார், சிரிப்பார், விலை தானாக இறங்கும். உண்மையிலேயே அதுதான் விலை என்று அவர் சொல்லிவிட்டால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவீர்கள். கர்ப்பமாக இருக்கிறவளிடம் மட்டும் அந்தக் கேள்வி கிடையாது. கீரை விற்கிறவள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றால் கேட்ட காசைக் கொடுத்துவிட்டு, எத்தனையாவது மாதம் என்று விசாரித்துவிட்டு வருவீர்கள். "வயித்துல இருக்கறது மேல சத்தியம் கேக்கக் கூடாது தம்பி. அவ கூட வெச்சு வித்தா அது பிள்ளைக்குத்தானே போகுது" என்று ஒருமுறை சொன்னது எனக்கு மறக்கவில்லை.

என்னிடம் அன்று பிள்ளை தலையைப் பற்றிப் பேச்சில்லை, வெறும் கேள்விதான். எல்லாருக்கும் இதேதான் அக்கா என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினீர்கள்.

அதற்கடுத்த வாரம், கடையை நடத்திய துரை தம் கையால் எழுதிய பழைய ரசீதுகளைப் படியெடுத்துக்கொண்டிருந்தேன். அதே மாதிரிக் கார், ஒரு தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர் பெயரில். அட்டை விலையில் முந்நூறு வெள்ளி கழித்திருந்தது. ஏதோ தவறு என்று நினைத்து இன்னொன்றைப் புரட்டினேன். அதுவும் அப்படித்தான். கிளப்பில் எங்கள் துரையோடு உட்கார்ந்து குடிக்கிறவர்களுக்கு ஒரு விலை, அட்டையைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒரு விலை. எத்தனை பேரிடம் நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். அவமானமாக இருந்தது. துரையிடம் கேட்கலாமா? கேட்டால் வேலை போகும். கைக்குழந்தைக்காரன் நான்.

சனிக்கிழமை சரியாக வந்துவிட்டீர்கள். என் முகத்தில் என்ன கண்டீர்களோ, இம்முறை முழுக் கேள்வியும் வந்தது. "செல்வம் தலையில கை வெச்சுச் சொல்லுவியா தம்பி?"

நான் டையைச் சரிசெய்தேன். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

டையின் மேல் இருந்த என் கையைப் பார்த்தீர்கள். பிறகு மெதுவாக, "சரி, நீ ஒண்ணும் சொல்ல வேணாம். தொரகிட்ட கூட்டிப் போ, நான் சொல்றத மட்டும் இங்கிலீசுல சொல்லு" என்றீர்கள். மேல்மாடிக்குக் கூட்டிப்போனேன். நீங்கள் முன்னால் ஏறினீர்கள், பிரசவ வீட்டுக்குள் நுழைகிற அதே வேகத்தில்.

துரை மரியாதைக்காரர்தான். எழுந்து நின்று நாற்காலி காட்டினார். நீங்கள் உட்காரவில்லை. மேசையில் இருந்த வெள்ளைத் தாள் ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினீர்கள்.

"இந்தக் காடிய வாங்கின எல்லாருக்கும் இதே விலைதான் போட்டிருக்குன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லு. போட்டுட்டா நான் வளையல வித்துட்டு நாளைக்கே முழுப் பணத்தோட வரேன்."

ஆங்கிலத்தில் சொன்னேன். துரை சிரித்தார். பேனாவை எடுத்தார். மூடியைத் திருகிக் கழற்றினார். அதோடு கை நின்றுவிட்டது. தாளைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். இந்த அம்மாளுக்கு யாராவது ஏதாவது சொன்னார்களா என்று என்னிடம் கேட்டார். நான் அதைத் தமிழாக்கும் முன்பே, என் முகம் வெளுத்ததைப் பார்த்து உங்களுக்குப் புரிந்துவிட்டது.

"யாரும் ஒண்ணும் சொல்லல. மீனு வாங்கறப்பவும் நான் இப்படித்தான் கேப்பேன்னு சொல்லு."

மீன் வரைக்கும் சேர்த்து அப்படியே சொன்னேன். துரை பேனாவை மூடிவிட்டார். எதிரே இருக்கிறவர் பொய் சொல்லக் கூசுகிற இடம் எது என்று உங்களுக்கு எப்படித்தான் தெரியுமோ. மீன்காரருக்குப் பிள்ளை தலை, வெள்ளைக்காரருக்குக் கையெழுத்து. தாளை மடித்து ஒதுக்கிவிட்டு, சீமாட்டிக்கு முந்நூறு வெள்ளி குறைக்கலாம் என்றார்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. நன்றி சொல்லிவிட்டு இறங்குவீர்கள் என்று பார்த்தால், நீங்கள் நகரவில்லை. "இது எனக்கு மட்டுமா, இனிமே வர்றவங்க எல்லாருக்குமான்னு கேளு" என்றீர்கள்.

அக்கா, இத்தனை வருஷம் கழித்தும் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. மிகவும் நன்றி என்கிறார் என்று துரையிடம் சொன்னேன். மகிழ்ச்சி அம்மா என்றார் அவர். எல்லாருக்கும்தானாம் அக்கா என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் தலையாட்டிவிட்டு இறங்கிப்போனீர்கள். ஐந்து நிமிஷத்தில் இரண்டு பேரிடம் இரண்டு பொய்.

அடுத்த மாதமே வெளிர்பச்சைக் கார் காஜா பெராங்கில் ஓடத் தொடங்கியது. ஓடியது என்பது மரியாதைக்குச் சொல்வது. சைக்கிள்கள் மணியடித்து உங்களை முந்திக்கொண்டு போகும். ஆனால் மழையென்று எந்த வீட்டிலும் நீங்கள் பிந்திப் போய்ச் சேரவில்லை.

என் வினை வேறு பக்கமாக வந்தது. பத்து பெரெண்டாம் ஊரிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். மருத்துவச்சி அம்மாவுக்குக் கொடுத்த விலைதானே எல்லாருக்கும் என்றார். இல்லையென்று நான் இழுக்க, அப்படியானால் துரை எழுதிக் கையெழுத்துப் போடட்டும் என்று சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். மறுநாள் ஒரு மளிகைக்கடைக்காரர், அவரிடமும் தாள். பிரசவம் பார்க்கப் போகிற வீடுகளிலெல்லாம் கார் விலையையும் தாள் கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். மூன்றாவது ஆளும் தாளோடு படியேறியபோது, இன்றோடு என் வேலை முடிந்தது என்றே நினைத்தேன். துரை அந்தத் தாளைக் கண்டதும் தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். தாம் ஊருக்குக் கப்பலேற இன்னும் கொஞ்ச நாள்தான், அதுவரைக்குமாவது நிம்மதி வேண்டும், அட்டையை மாற்றி எழுது என்றார். என் கையாலேயே எழுதினேன். முந்நூறு குறைத்து, எல்லாருக்கும்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து நான் சொந்தமாகக் கடை போட்டேன். பழைய பச்சைக் காரை ஓட்டிக்கொண்டு புதுக் கார் வாங்க வந்தீர்கள். அட்டையைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே, பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த செல்வத்தை இழுத்து நிறுத்தி, அவன் தலையில் கை வைத்தேன்.

"எல்லாருக்கும் இதே விலைதான்க்கா."

ஒரு சென் குறையாமல் எண்ணி வைத்தீர்கள். அன்றைக்கு விட்டால் என்றைக்கும் முடியாது என்று, நான் மாற்றிச் சொன்ன கதையையும் உங்களிடம் ஒப்புக்கொண்டேன். திட்டுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் பையை மூடிக்கொண்டே சொன்னீர்கள்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்டா. தொர எஸ்னு சொல்லவே இல்லியே. அந்த ஒரு வார்த்த எனக்கும் தெரியும். நீ சொன்ன பொய் பொய்யாவே நிக்கக் கூடாதுன்னுதான் ஊர் பூரா சொல்லிட்டு வந்தேன்."

செல்வத்தின் தலையை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டுப் போனீர்கள். உருண்டையாக இருக்கிறதா என்று சரிபார்த்திருப்பீர்கள். நான் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உங்களைப்போல் என்னைக் காப்பாற்றியவர்கள் யாரும் இல்லை. காப்பாற்றியதைப் பத்து வருஷம் சொல்லாமலும் இருந்திருக்கிறீர்கள்.

ஆயர் குரோ கடையில் செல்வம் இன்னும் என் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தான். அந்த மலாய்ப் பெண் நான் பேரம் பேசப்போகிறேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேள்வி என் நாக்கு நுனியில் இருந்தது. அவள் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை வயிற்றின் மேல் வைத்திருந்தாள்.

செல்வம் முழுப் பணத்தையும் கட்டினான். வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை. நாற்பது வருஷம் கார் விற்ற மனிதர் ஒரு வார்த்தை விலை பேசவில்லை என்று மருமகளிடம் சொல்லிப் புலம்பினானாம்.

ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது தப்பு அக்கா. ஒன்றே ஒன்று கேட்டேன். எத்தனையாவது மாதம் அம்மா என்று கேட்டேன்.