தணிக்கைக் கூட்டத்தில் நான் சொன்னது

அன்புள்ள காளீஸ்வரிக்கு, கருத்தப்பாண்டி எழுதுவது.

இங்கு நானும் ஆடுகளும் நலம். மணியாச்சியில் நீயும் உன் அண்ணன் வீட்டாரும் நலமா? போனை நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் இதையெல்லாம் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வராது. அதனால் எழுதுகிறேன்.

நூறு நாள் வேலையில் ஆள் வைத்து வெட்ட வேண்டிய ஊருணியை ஜேசிபி வைத்து வெட்டினார்கள் என்று தணிக்கைக் கூட்டத்தில் எழுந்து சொன்னாய். அந்த மண்ணை டிராக்டரில் அள்ளிப் போனவன் நான். வீட்டில் வந்து உன்னிடம் அதைச் சொன்னவனும் நான்தான். அப்படியிருந்தும் நீ என் பெயரை எடுக்கவில்லை. நானோ, டிராக்டர் முதலாளி செல்லத்துரை அண்ணாச்சி ஒரு தடவை திரும்பிப் பார்த்ததற்கே பயந்து எழுந்தேன். "அவ சொல்லுதது பொய். கொஞ்ச நாளா புத்தி சரியில்ல, நீங்க ஒண்ணும் நெனச்சுக்கிடாதீங்க" என்றேன். ஊரே சிரித்தது. நீ உட்கார்ந்துவிட்டாய்.

நீ கிளம்பிப் போன மறுநாள், தணிக்கைக்கு வந்த அம்மா ஊருணிக்குள் இறங்கிப் பார்த்தார். கரிசல் காய்ந்து இறுகியதில் ஜேசிபியின் பல் தடம் கரை நெடுக அப்படியே இருந்தது. அந்த வேலைக்கான பில்லை நிறுத்திவிட்டார்கள். மிச்ச வேலையை ஆட்களுக்கே கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்து, வடக்குக் கரையில் வேலை நடக்கிறது. மண்வெட்டியோடு போன சொர்ணத்தாய் என்னிடம் நின்று, "புத்தி சரியில்லாதவ பேசுனதாலதான் எங்களுக்கு வேலை வந்துருக்கு அண்ணாச்சி" என்றாள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

டிராக்டர் வேலையை நானே விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. செல்லத்துரை அண்ணாச்சிதான் நிறுத்தினார். நம் வேலை அட்டையில் என் பெயரும் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பெண்களோடு போய் மண் வெட்டக் கால் வரவில்லை.

வியாழக்கிழமை மறுபடியும் கூட்டம். "உங்க வீட்டுக்காரம்மா வருவாங்களா?" என்று தணிக்கைக்கு வந்த அம்மா கேட்டார். உனக்காகப் பதில் சொல்ல இனி எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? முதலில் நான் பேச வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். நீ வந்தாலும் வராவிட்டாலும், அன்றைக்கு நான் சொன்னதுதான் பொய் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லப்போகிறேன்.

வந்தால் பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொள். என்னைப் பார்க்க வேண்டாம். கூட்டம் முடிந்து அண்ணன் வீட்டுக்கே திரும்புவதானாலும் சரி, பஸ் வரும்வரை கொஞ்சம் தள்ளி நான் நின்றுகொள்ளலாமா? அதை மட்டும் சொல்.

இப்படிக்கு,
கருத்தப்பாண்டி