நாற்பது முடியும்வரை

12.01.2025
உம்மா, மன்னிக்க வேணும். நாற்பது நாளுக்குள் எழுதினால் கண் மங்கிப் போகும் என்றீங்க. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வேறு என்ன செய்வது? பிள்ளை பெற்று ஆறு நாள். இன்னும் தூக்கவில்லை.

முப்பத்து நாலாம் வாரமே பிறந்துவிட்டாள். அழுத சத்தம் மட்டும் கேட்டது. துணியில் சுற்றிக் கண்ணாடி அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முகத்தைக் காட்டுங்க மிஸ் என்று கேட்க நினைத்தேன், சத்தம் வரவில்லை. தாளில் கையெழுத்து வாங்கின நேர்ஸ், "கெம்பஸ்ல படிச்ச புள்ளதானே, வாசிச்சி விளங்கிக்கொள்ளுவா" என்றா. எங்கள் குடும்பத்தில் முதலாவதாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். அதனால் யாரும் எனக்கு எதையும் விளக்குவதில்லை. நானும் கேட்பதில்லை.

13.01
மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை, "எட்டாம் கட்டில், பால்!"
பிழிந்து கொடுக்கிறேன். கோப்பையில் பிளாஸ்டர் ஒட்டி என் பெயர். கோப்பை உள்ளே போகும். நான் வெளியே.
பக்கத்துக் கட்டில்காரி, "என்ன கா, மாட்டக் கறக்கிறண்டாலும் பேரச் சொல்லித்தானே கூப்பிடுவாங்க" என்றா. இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் கழிவறைக்குப் போய் — வேணாம்.

15.01
உள்ளே விட்டார்கள். ஐந்து நிமிஷம். ஒரு விரலால் அவள் காலைத் தொட்டேன். "தொடாதீங்க! கை கழுவினீங்களா?"
கழுவியிருந்தேன். சொல்லவில்லை.

18.01
வீடு. வரும்போது, "இந்தாங்க உங்கட புள்ள" என்று மடியில் தந்தார்கள். கைப்பட்டியில் என் பெயர்தான். பிழையே இல்லை. ஆனாலும் யாரோ கடைக்குப் போகும்போது, கொஞ்சம் பிடிச்சிக்கொள் என்று தந்துவிட்டுப் போன மாதிரி. எப்ப வந்து வாங்குவா?
பிறந்த உடனே பிள்ளையின் காதில் சொல்ல வேண்டிய பாங்கை என் கணவர் முஸ்தாக் இன்றுதான் சொன்னார். பன்னிரண்டு நாள் பிந்தி. சொல்லி முடிக்க முதல் அழுதுவிட்டார். நான் அழவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

25.01
அம்ஹா என்று பெயர். பிள்ளை பார்க்க வந்த மாமி கேட்டா, "உன்ட சாயலா, என்ட மகன்ட சாயலா?"
"ரெண்டும்தான் மாமி" என்றேன். நான் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்ததேயில்லை.

28.01
கிணற்றடிக்குப் பிள்ளையோடு போவதில்லை என்று நானே ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். ஏன் எண்டு எழுத ஏலா.

03.02
குடும்பநல மாது தர்சிகா மிஸ் பாண்டிருப்பிலிருந்து ஸ்கூட்டியில் வந்தா. பிள்ளையை நிறுத்துப் பார்த்தா. பிறகு எனக்கு ஒரு தாள். தாய்மாரின் மனநிலை பற்றிப் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நாலு விடை.
"எங்கட புள்ளைக்கு என்ன குற மிஸ்? நல்லாத் தின்றா, நல்லாப் படுக்கிறா" என்றா உம்மா என்னைக் காட்டி, பக்கத்தை விட்டு அசையாமல்.
எந்த விடைக்கு எத்தனை புள்ளி என்று பார்த்ததும் விளங்கிவிட்டது. பதினேழு வருஷம் பரீட்சை எழுதினவள். தனக்குத் தீங்கு செய்யும் நினைப்பு வருமா என்ற பத்தாவது கேள்வியில் மட்டும் பேனை நின்றது. அதையும் 'சரியாக' எழுதினேன். மிஸ் கூட்டிப் பார்த்து, "நல்லம்" என்றா. போகும்போது வாசல் படலையடியில் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தா.
என்ன வேல பார்த்த நீ? ஆர ஏமாத்துற? என்னைத்தான் கேட்கிறேன்.

08.02
எல்லாரும் நாற்பதை எண்ணுகிறார்கள். எனக்கு அதுதான் பயம். அதுவரை பிள்ளை பெற்றவளைத் தனியே விட மாட்டார்கள், பேய் பிசாசு ஏதும் அண்டிவிடுமாம். வெளியிலிருந்து வருவதற்குத்தான் அவர்கள் காவல் இருக்கிறார்கள்.

14.02
நாற்பது. தலைக்கு வார்த்தார்கள். புது உடுப்பு, வட்டிலப்பம், வீடு நிறையச் சிரிப்பு.
உம்மா சொன்னா, "இனி நீ பெரிய மனிசி. மூத்தவள் உன்ட ராத்தாக்குப் புள்ள பெற மாசம் கிட்டிட்டு, நாளக்கழிச்சி அக்கரைப்பற்றுக்குப் போறன்."
முஸ்தாக் அறுவடைக்கு மாவடிப்பள்ளி வயல் வட்டைக்கு விடியப் போனால் இருட்டித்தான் வருவார்.
வாயைத் திறந்தேன்.
"என்னடி புள்ள?"
"ஒண்டுமில்ல உம்மா."

16.02
உம்மா போய்ட்டா.

17.02
காலை பத்து மணியிருக்கும். அழுதாள். தூக்கினேன். பிறகு பார்த்தால் கிணற்றுக் கட்டு என் வயிற்றில் முட்டுது. நான் நடக்கல்ல. கால் நடந்திச்சி. யா அல்லாஹ் — குனிஞ்சி தண்ணியப் பார்த்தன். அவள் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். புருவமே இல்லாத நெற்றி. இடக் காதோரம் சின்ன மச்சம். நாற்பத்து மூன்று நாள், இது எனக்குத் தெரியாது.

வீட்டுக்குள் ஓடி வந்து கதவைப் பூட்டி, தர்சிகா மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். "பத்துக்கும் பொய்தான் எழுதினன் மிஸ்."

கால் மணித்தியாலத்தில் வந்துவிட்டா, ஹெல்மெட்டைக் கழற்றாமலே. ஏசவில்லை. பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "சொன்னது நல்லதாப் போச்சு தங்கச்சி. இது காய்ச்சல் மாதிரி ஒரு வருத்தம், மருந்து இருக்கு. இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றா. முஸ்தாக்குக்கும் உம்மாவுக்கும் அவவே கதைத்தா. ஓட்டோ வரும்வரை இதை எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி என்றதும் அந்தக் கண்ணாடி அறைதான் கண்ணில் வந்தது. ஆனாலும் இந்த முறை வாயால் கேட்டுவிட்டேன், அழுது அழுது:

"வாறன் மிஸ். என்ன மருந்து தந்தாலும் குடிக்கிறன். என்னைத் தனிய விடாம ஒராள் பக்கத்தில இருக்கட்டும். ஆனா புள்ளைய மட்டும் என்னட்ட இருந்து பிரிச்சிப் போடாதீங்க."