கணக்கில் வராத காய்ச்சல்

மாங்குளம்
மாசி 1968

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய மலேரியாக் குளிசைகள் நேற்றுத்தான் வந்தன. பக்கத்து வளவு அன்னபாக்கியத்தின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் வீட்டில் இனி அவை தேவைப்படாது.

நீ கொழும்பில் பெரிய பதவிக்குப் போன வருடம், பொங்கலுக்கு வந்து பெருமையாகச் சொன்னாய். "அக்கா, வெளிநாட்டுக்காரரிட்டை நான்தான் சொன்னனான். எங்கட நாட்டிலை மலேரியா முடிஞ்சுது, இனி உதவியை மற்ற நாடுகளுக்குக் குடுங்கோ எண்டு."

"இஞ்சை காட்டுக்கரையிலை இன்னும் கிடக்கெடா" என்றேன்.

"முழு நாட்டையும் பாத்தால் அது கணக்கிலை வராது" என்று சிரித்தாய்.

சின்ன வயதில் இதே காய்ச்சலில் நடுங்கிய உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்தவள் நான். நீ எங்களை மறக்கமாட்டாய் என்று நம்பினேன்.

அதன் பிறகு வீடுகளுக்கு மருந்து அடிக்க ஒருவரும் வரவில்லை. காய்ச்சல் வந்தது. "மாமாவுக்கு எழுதுங்கோ அம்மா, அவர் மருந்தோடை வருவார்" என்று பத்மாசனி சொல்லிக்கொண்டே கிடந்தாள். எழுதினேன்.

மற்ற நாடுகளுக்குக் கொடுத்தது பிழையில்லை. அங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால், நாங்கள் இல்லையென்று சொல்லியல்லவா கொடுக்கவைத்தாய்.

பிள்ளையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு நீ வர வேண்டாம். அந்த வெளிநாட்டுக்காரரிடம் போய், உனக்கு இங்கே ஒரு மருமகள் இருந்தாள் என்று சொல்.

அக்கா