பொர்ன்ஹோல்ம் கடற்கரையில் பல்லுக்கொழுக்கட்டை

என்னோடு கூடப்பிறந்த என் அக்காவுக்கு,

உன் பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது. கீழ் முரசில், குறுணி அரிசியளவு. டென்மார்க் போகிற கப்பலில் தாய் துஷாவின் விரலைக் கடித்துத் தானே காட்டிக்கொடுத்தாள். அதைவிடப் பெரிய செய்தி இன்னொன்று இருக்கிறது. உன் மச்சாளிடம் நான் பழி வாங்கிவிட்டேன். ஆறுதலாகக் கேள்.

மாசியில் மச்சாளின் மனிசன் தவறிப்போனார். உனக்குத் தெரிந்திருக்கும், நீ இருக்கிற இடத்துக்குத்தானே வந்திருப்பார். அவரை நன்றாக வைத்துக்கொள். அவரில் எனக்குக் கோபமில்லை.

"மாமி வுப்பர்டால் வீட்டில தனிய இருந்து அழுறா சின்னம்மா, கூட்டிக்கொண்டு போவம்" என்றாள் துஷா. தகப்பனின் ஒரே சகோதரி அல்லவா, அவளுக்கு இரக்கம். என்னவருக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. துஷா, மருமகன் ஜெகன், குழந்தை, மச்சாள், நான் என்று ஐந்து பேர் டென்மார்க்கின் பொர்ன்ஹோல்ம் தீவுக்கு வெளிக்கிட்டோம். புறப்பட்ட காலையில் விளக்கேற்றி முருகனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். ஒரு சந்தர்ப்பம் தா என்று.

என் வீட்டுக் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தை நீ பார்த்ததில்லை. அத்தான் தவறிப்போன பிறகு மச்சாள் உன்னைப் பின்னால் நிற்கச் சொன்ன நாட்களை அதில் எழுதி வைத்திருக்கிறேன். யார் வீடு, என்ன விசேஷம், என்ன சொல் என்று பதினொரு தரம். பதினோராவது துஷாவின் கலியாணம். "நல்ல காரியம். நீங்கள் கொஞ்சம் உள்ளுக்க நில்லுங்கோ." பெற்ற மகளுக்குத் தாலி ஏறுகிற நேரம் நீ மண்டபத்துக் குசினியில் சாப்பாட்டுத் தட்டு அடுக்கினாய். மேளம் கேட்டதும் சுவரைப் பார்த்துக் கும்பிட்டாய். அம்மாவுக்குத் தலையிடி என்று துஷாவுக்குச் சொல்லிவிட்டார்கள். நீ போய்ச் சேர்ந்த பிறகும் அவள் அதைத்தான் நம்பியிருந்தாள்.

நான் அதிகம் படித்தவள் இல்லை. கோயிலில் பாடுகிற பதிகங்களை எழுத்துக்கூட்டிப் படித்தே தமிழைப் பிடித்தவள். புருஷன் இல்லாதவளைப் பின்னால் நிறுத்து என்று எந்தப் பதிகத்திலும் சாமி எனக்குச் சொல்லவில்லை.

அந்த ஊர்க் கடற்கரை குழந்தைகளுக்கென்றே செய்துவைத்தது போல இருந்தது. எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணீர் முழங்காலுக்கு மேலே ஏறாது. மரப்பாலம் ஒன்று, ஐஸ்கிறீம் கடை ஒன்று, யாரும் எடுத்து விளையாடிவிட்டுத் திரும்பப் போடுகிற வாளிகளும் மண்வெட்டிகளும் நிறைந்த பெட்டி ஒன்று. அலை சத்தம் போடவே கூச்சப்பட்டது. உனக்குப் பிடித்திருக்கும்.

மச்சாள் பெட்டிக்குள் வறுத்த அரிசிமா கொண்டுவந்திருந்தா. "பல்லு எப்ப வரும் எண்டு ஆர் கண்டது?" விடியவே எழும்பி, வாடகை வீட்டு அடுப்பில் கொழுக்கட்டை அவித்து, ஒவ்வொன்றின் விளிம்பிலும் தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போலக் குத்தியிருந்தா. சடங்கைக் கடற்கரையிலேயே செய்வோம் என்றது துஷா. பாய் விரித்துப் பிள்ளையை இருத்தி, எதை எடுப்பாள் என்று பார்க்க முன்னால் புத்தகம், பேனை, காப்பு எல்லாம் பரப்பினோம். கொழுக்கட்டையைக் கொட்டுவதற்குத் துஷாவும் ஜெகனும் பிள்ளையின் தலைக்குமேல் வெள்ளைத் துணியைப் பிடித்தார்கள்.

அப்போது மச்சாள் கிண்ணத்தை என்னிடம் நீட்டினா. "மலர், நீ கொட்டு." சொல்லிவிட்டு, கால் கழுவுகிற குழாயடிக்குப் போய்த் தானாகவே நின்றுகொண்டா.

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லு? "நீங்கள் கொஞ்சம் பின்னால நில்லுங்கோ" என்ற அந்தச் சொல்லை அவவுக்கென்று எத்தனை நாளாக வாய்க்குள் வைத்திருந்தேன்! தானே ஒதுங்கிவிட்டவளை எப்படித் துரத்துவது? தானாக விலகி நின்றால், உன்னை விலக்கியதும் சரி என்றாகிவிடாதா? விடமாட்டேன் என்று நினைத்தேன்.

"மச்சாள், இஞ்ச வாங்கோ. நீங்கள்தான் கொட்டவேணும்."

"உனக்கென்ன விசரே? ஏலாது. பிள்ளைக்கு ஆகாது."

"ஏன் ஆகாது?"

"தெரியாதமாதிரிக் கேக்கிறாய்."

"அப்ப அக்காவும் தன்ர பிள்ளைக்கு ஆகாதவளோ? துஷாவின்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ."

"சின்னம்மா, கொழுக்கட்டை ஆறுது" என்று ஜெகன் சிரிக்கப் பார்த்தான்.

துஷாவின் கையில் துணி தொய்ந்தது. "என்ன கதைக்கிறியள்? மாமி, அம்மாவுக்குத் தலையிடி எண்டுதானே சொன்னனீங்கள்?"

மச்சாள் கடலைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. "நான்தான் உள்ளுக்க, குசினியில நிக்கச் சொன்னனான், பிள்ளை" என்றா.

துஷா துணியை இழுத்துப் பிடித்தாள். "கொட்டுங்கோ, மாமி."

கண்ணை மூடி, முருகா முருகா என்று மச்சாள் கொட்டினா. கொழுக்கட்டை துணியில் உருண்டு மணலெல்லாம் சிதறியது. கடற்பறவைகள் கூச்சலோடு இறங்கின. பக்கத்துப் பாயிலிருந்த வெள்ளைக்காரச் சிறுமி ஒன்றைப் பொறுக்கி, தாயைப் பார்த்துவிட்டுக் கடித்தாள். உன் பேத்தி ஒற்றைப் பல்லைக் காட்டிச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் பழி. பொழுதுபடும்வரை மச்சாள் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தா. காய்ச்சலா, மூச்சு சரியா, பால் குடிக்கிறதா. தன் கை தோஷம் பிள்ளையைப் பிடித்துவிடும் என்று அவ உண்மையாகவே பயந்தா. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. இனியும் ஒன்றும் வராது. அவள் வளர வளர, மச்சாளின் சட்டம் பொய் என்று ஒவ்வொரு நாளும் மச்சாளுக்குத் தெரியவேண்டும். எனக்கு இரக்கம் வரவில்லை, அக்கா. மூன்று வேளையும் சாமி கும்பிடுகிறவள்தான் நான். வரவில்லை.

மரப்பாலத்தில் துஷா என் பக்கத்தில் வந்து இருந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"வீடியோவில பாத்தனான், சின்னம்மா. கூறைத்தட்டை சபைக்குக் கொண்டுபோனது நீங்கள்தானே? குசினி வாசலாலதானே போனனீங்கள்?"

ஓம் என்றேன். வேறென்ன சொல்ல? தாலியும் கூறையும் வைத்த அந்தத் தட்டை ஊருக்கெல்லாம் நீட்டினேன். எல்லாரும் தொட்டு வாழ்த்தினார்கள். குசினி வாசலில் என் கால் ஒரு கணம் நின்றதும், மச்சாள் பார்த்ததும், தட்டை உன்னிடம் நீட்டாமல் நான் நடந்துவிட்டதும் உனக்குத் தெரியும். நீ அதைப் பற்றி ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

வாற ஆவணியில் என் மகனுக்குக் கலியாணம். சபைக்குப் போகும் தட்டு முதலில் மச்சாளின் கைக்குப் போகும். அவ தொட்ட பிறகுதான் மற்றவர்கள் தொடலாம். அதன்பின் நான் மைக்கை வாங்கி, துஷாவின் கலியாணத்தன்று உன்னைக் குசினிக்குள் விட்டது யார் என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொல்வேன். இரண்டு பெயர் சொல்வேன். முதலாவது என் பெயர்.

உன்னைக் கடந்து போன
உன் தங்கை
மலர்