வருந்தாமல் கையெழுத்து வாங்கப் போன கதை

அன்பு மகள் போக்னாவுக்கு,

சேசுவுக்குப் புகழ். பெர்கன் மழையிலும் நீயும் மாப்பிள்ளை ஒட்வாரும் சளி, இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அம்மாவுக்கு முழங்காலும் எனக்கு வாயும்தான் தொந்தரவு, மற்றபடி இருவரும் சுகம்.

உன் தம்பி வித்தெக் தன் குழந்தை ஈகாவின் ஞானஸ்நானத்துக்கு என்னையே ஞானத்தகப்பனாக நிற்கச் சொன்னான். தாத்தா நிற்பது இங்கே வழக்கமில்லை. "கண்ண மூடிட்டுத் தலையாட்டுற ஆள் என் பொண்ணுக்கு வேணாம்ப்பா, நீங்க நில்லுங்க" என்றான். எழுபத்தொரு வயதில் இதைவிடப் பெரிய பதவி எனக்கு வரப்போவதில்லை. ஆனால் அதற்கு முன்பு பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, அதைக் கேட்ட சாமியாரிடம் சீட்டில் கையெழுத்து வாங்கிப் பங்குக் கோயில் அலுவலகத்தில் கொடுக்க வேண்டுமே. சீட்டு வராவிட்டால் ஞாயிறன்று குழந்தையைத் தூக்கி நிற்கப்போவது நம் சம்பந்தி. அவர் இப்போதே கோட்டை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார்.

செவ்வாயன்று நம் பங்குக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் சாமியார் கமிலிடம் போனேன். சில்லறைப் பாவங்களை வரிசையாகச் சொல்லி முடித்ததும் அவரே ஆரம்பித்தார். "உங்க மக, முதல் புருஷன் உயிரோட இருக்கறப்பவே கோயிலுக்கு வெளிய ரெண்டாம் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களாமே, நீங்க போனீங்களா?" போனேன், ஆடவும் செய்தேன் என்றேன். அதற்கு வருந்துகிறீர்களா என்றார். ஒட்வாரின் அத்தை காலை மிதித்ததற்கு வருந்துகிறேன், மற்றதற்கு இல்லை என்றேன். அவர் கோபிக்கவில்லை. "வருத்தமில்லாம மன்னிப்புக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லிங்க ஐயா" என்றார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். வெறுங்கையோடு வந்தேன்.

வீட்டில் உன் அம்மா, "வருத்தம்னு ஒரு வார்த்த சொன்னா நாக்கு அழுகிடுமா" என்றாள். நாற்பது வருடம் பத்திரிகையில் பார்க்காததைப் பார்த்ததாக எழுதியதில்லை, அதைக் கடவுளிடமா ஆரம்பிப்பது என்றேன். "அப்ப மலை மடத்துக்குப் போங்க. ஓனுஃப்ரி சாமிக்குக் காது மந்தம்" என்றாள். நேற்று பஸ் பிடித்துப் போனேன். அங்கே நீண்ட வரிசை. நம் கோயிலில் ஆர்கன் வாசிப்பவர் என்னைக் கண்டதும் கூரை ஓவியத்தை ஆராயத் தொடங்கினார். ரொட்டிக்கடை ஸ்டெஃபா மட்டும் வெட்கப்படவில்லை. "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? உங்க வீட்டம்மா முப்பது வருஷமா வர்றாங்களே" என்றாள். இத்தனை வருடம் ஊர்ச் செய்தி எழுதிய எனக்கு இந்த ஒரு செய்தி கிடைக்காமல் போயிருக்கிறது. உன் அம்மா அங்கே என்ன சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

என் முறை வந்தது. காது கேட்காதவரிடம் முணுமுணுத்துக் கையெழுத்து வாங்கினால் அதுவும் பொய்தான் என்று தோன்றியது. குரலை உயர்த்தியே சொன்னேன். கல்யாணம், நடனம், வருத்தமில்லை என்று வந்தபோது வெளியே வரிசையில் செபமாலை நின்றுவிட்டது. அவரும் காது மந்தமானவரின் குரலில், "ஏன்யா வருத்தமில்ல?" என்றார். "இப்பத்தான் அவளுக்கு அடிக்காத புருஷன் கிடைச்சிருக்கான் சாமி" என்றேன். பிறகு, "ஆடுனத ஆண்டவர்கிட்ட விட்டுடுவோம். உன்ன நெசமா உறுத்துறது எது, அதச் சொல்லு" என்றார்.

அப்போது என் குரல் தானாக இறங்கிவிட்டது. அவர் எங்களுக்கு நடுவிலிருந்த சல்லடைத் தடுப்பில் காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, ராடெக்கை நீ கட்டிக்கொள்வதற்கு மூன்று நாள் இருக்கும்போது, பாத்திரம் துடைத்துக்கொண்டே நீ கேட்டாய், "நீங்க என்னப்பா நெனைக்கிறீங்க?" அவன் தன் நாயை உதைத்ததை நான் கண்ணால் பார்த்திருந்தேன். ஆனாலும் கோயிலில் மூன்று கல்யாண ஓலையும் வாசித்தாகிவிட்டது, சாமிக்கும் அம்மாவுக்கும் சம்மதம், நான் என்னம்மா நினைப்பது என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். ஊரில் எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் வைத்திருந்தவன், நீ கேட்ட அன்று மட்டும் அடக்கமான கத்தோலிக்கனாகிவிட்டேன்.

அதற்கு மன்னிப்புக் கொடுத்து, சீட்டில் கையெழுத்தும் போட்டார். பரிகாரம் மூன்று அருள்நிறை மரியே செபம், "அப்புறம் அவளுக்கு நீயே எழுதணும்." மரியேக்களைப் பஸ்ஸிலேயே முடித்துவிட்டேன், மிச்சம் இது. பங்கு அலுவலகம் நாலு மணிக்கு மூடிவிடும், கடிதத்தைத் தபாலில் போட்ட பிறகே சீட்டைக் கொடுக்கப் போவேன்.

வேண்டாம் என்றுதான் அன்று நினைத்தேன் போக்னா. சொல்லாமல் விட்டது என் தப்பு. என்னை மன்னித்துவிடு.

ஆண்டவரும் அவருடைய தாயாரும் உங்கள் இருவரையும் காக்கட்டும். பாஸ்கா பண்டிகைக்கு இருவருமாக வாருங்கள், கோயிலில் மந்திரிக்கிற சாப்பாட்டுக் கூடையை ஒட்வாரே தூக்கி வரட்டும், ஊர் பார்க்கட்டும். மறக்காமல் பதில் எழுது. "பரவால்லப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிடாதே, நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

உன் அப்பா,
செவெரின்